ராவாகக் குடிக்க எந்த பர்பன்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கிளென்லிவெட், கிளென்ஃபிடிக் என்று ஸ்காட்ச் குடித்தே பழகிய ஒருவர் வேலை மாற்றலாகி வர்ஜீனியாவுக்கு வந்திருக்கிறார். ஐஸ், சோடா, கோலா எதுவும் சேர்க்காமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிறு அளவை மெல்ல உறிஞ்சிக் குடிக்க நல்ல பர்பன், அதாவது மக்காச்சோளத்தை முதன்மையாக வைத்துக் காய்ச்சும் அமெரிக்க விஸ்கி, வேண்டும். 50 டாலருக்குள் இருக்க வேண்டும். 'ரொம்ப ஸ்மூத்' என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கிய பாட்டில் இனிப்பாக இருந்ததாம். தொண்டையைத் தாண்டியதும் ஒன்றும் மிஞ்சவில்லையாம். பேப்பி, பிளான்டன்ஸ் என்று எல்லோரும் சொல்கிற பெயர்களைத் தேடி அலையத்தான் வேண்டுமா, டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மதுரையிலுள்ள மாமாவுக்கு எதை வாங்கிப்போகலாம் என்பவை கூடுதல் கேள்விகள்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். வைல்ட் டர்க்கி 101 வாங்குங்கள். பெரும்பாலான இடங்களில் 25 டாலரை ஒட்டிக் கிடைக்கும். அது பிடித்துப்போய் இன்னும் நுட்பமாக வேண்டும் என்று தோன்றினால் ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் (ஒரே பீப்பாயிலிருந்து அடைப்பது). காரமே வேண்டாம், மென்மைதான் வேண்டும் என்றால் மேக்கர்ஸ் மார்க் காஸ்க் ஸ்ட்ரென்த் (பீப்பாயில் இருந்த வலுவிலேயே அடைப்பது). மூன்றும் உங்கள் தொகைக்குள் அடங்கும், மூன்றும் 50 விழுக்காடோ அதற்கு மேலோ ஆல்கஹால் வலுவுள்ளவை. அந்த வலுதான் நான் சொல்ல வருகிற முக்கியமான விஷயம்.

கலக்காமல் குடிக்கப் போகிறோம், ஆகவே வலு குறைந்ததாக வாங்குவோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. அமெரிக்க பாட்டில்களில் 'ப்ரூஃப்' என்று ஓர் எண் இருக்கும். ஆல்கஹால் விழுக்காட்டின் இருமடங்கு அது. 80 ப்ரூஃப் என்றால் 40 விழுக்காடு. அதற்குக் கீழே இறக்கி அடைத்தால் அதை பர்பன் என்று விற்கச் சட்டம் விடாது. அதனால் மலிவான பாட்டில்கள் எல்லாம் சட்டம் அனுமதிக்கும் அந்தக் கடைசிப் படியில் வந்து நிற்கின்றன. பீப்பாயிலிருந்து எடுக்கும்போது பர்பன் 60 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 40-க்கு இறக்கினால் 750 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 250 மில்லி பிறகு ஊற்றிய தண்ணீர். 50-க்கு இறக்கினால் அது 125 மில்லிதான். அமெரிக்க மத்திய அரசின் தீர்வையும் ஆல்கஹால் அளவைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. ப்ரூஃப் காலனுக்கு, அதாவது 50 விழுக்காட்டு வலுவுள்ள ஒரு காலனுக்கு, 13.50 டாலர் என்பது பொது விகிதம். வலு குறைந்தால் வரியும் குறையும், ஒரு பீப்பாயிலிருந்து வரும் பாட்டில்களும் கூடும். தயாரிப்பவர் பக்கத்தில் எல்லாம் லாபம். குடிப்பவருக்குக் கிடைப்பது நடுநாக்கில் நீர்த்துப்போன சுவை.

கட்டை தரும் மணங்களில் பலவும், நாக்கில் எண்ணெய்போலப் படியும் கொழுப்பு சார்ந்த பொருட்களும் ஆல்கஹாலில்தான் நன்றாகக் கரைந்து நிற்கும். 46 விழுக்காட்டுக்குக் கீழே போனால், குளிரிலோ ஐஸ் போட்டாலோ அவை பிரிந்து விஸ்கி கலங்கலாகத் தெரியும். கடை அலமாரியில் பார்க்க நன்றாயிருக்காது என்று குளிரவைத்து வடிகட்டி அவற்றை எடுத்துவிடுவார்கள். கோலாவோடு கலப்பவருக்கு அந்த இழப்பு தெரியாது. கலக்காமல் குடிப்பவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் 'ஸ்மூத்' பாட்டிலில் காணாமல்போனது அதுதான்.

மூன்று விழுக்காட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்களுக்கு 2013 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லலாம். தேவைக்கு ஏற்ற இருப்பு இல்லை என்று மேக்கர்ஸ் மார்க் நிறுவனம் தன் பர்பனின் வலுவை 45-இலிருந்து 42 விழுக்காட்டுக்குக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிறுவனம் முடிவைத் திரும்பப் பெற்றது. இன்றும் அது 45 விழுக்காட்டில்தான் வருகிறது.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். ஜிம் பீம் வெள்ளை லேபிளிலும் நாப் கிரீக்கிலும் 50 மில்லி குட்டி பாட்டில் ஒவ்வொன்று வாங்குங்கள். இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே தானியக் கலவை. முன்னது நான்கு ஆண்டுகள் பீப்பாயில் இருந்து 40 விழுக்காட்டில் அடைக்கப்படுகிறது. பின்னது ஒன்பது ஆண்டுகள் இருந்து 50 விழுக்காட்டில். இரண்டு கிளாஸ்களில் ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். ஜிம் பீமை முகர்ந்தால் வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் வெனிலா, ஓரமாகப் பச்சை மக்காச்சோளம். குடித்தால் நாக்கின் நுனியில் இனிப்பு வந்து, அடுத்த நொடி மெல்லிய எரிச்சலோடு முடிந்துவிடும். நாப் கிரீக்கிலும் அதே வேர்க்கடலைதான், ஆனால் கருப்பட்டிப் பாகில் புரட்டியெடுத்தது. அதன்மேல் பட்டை, கருகிய மரம், கொஞ்சம் துவர்ப்பு. விழுங்கிய பிறகு நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்குவதைக் கவனியுங்கள். பர்பனின் தாயகமான கென்டக்கி மாநிலத்துக்காரர்கள் 'கென்டக்கி அணைப்பு' என்று சொல்வது இதைத்தான். இரண்டையும் மாற்றி மாற்றி இரு முறை பருகினால் போதும், ஒன்றை ராவாகவும் மற்றதை எலுமிச்சையோடும் குடிக்க வேண்டும் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

ஸ்காட்ச் பழக்கத்திலிருந்து வருகிறவர் மாற்றிக்கொள்ள வேண்டிய இன்னொரு கணக்கு வயது. 12 ஆண்டு என்பது ஸ்காட்ச் உலகில் தொடக்கநிலை. பர்பனில் அது முதுமையின் வாசல். காரணம் பீப்பாயும் வெயிலும். பர்பனை உட்புறம் கருக்கிய புத்தம் புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். பீப்பாய் ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும். ஒரு முறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் போட முடியாது. அவற்றில் பெரும்பங்கு ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகிறது. நீங்கள் இத்தனை காலம் குடித்த, ஸ்காட்லாந்தின் ஸ்பெய்சைடு பகுதி மால்ட் விஸ்கியில் மெலிதாக வந்த வெனிலா, பெரும்பாலும் அந்த மரத்தில் கென்டக்கிக்காரர்கள் விட்டுவைத்த மிச்சம். முதல் சாறு முழுவதும் பர்பனுக்கே போய்விடுகிறது. அதனால்தான் நிறம் அவ்வளவு அடர்ந்திருக்கிறது. ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. பர்பனில் தண்ணீரைத் தவிர எதையும் சேர்க்கக்கூடாது.

கென்டக்கியின் கோடையில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே போகும். சூட்டில் விரிந்த சாராயம் மரத்துக்குள் புகுகிறது. குளிரில் சுருங்கி, மரத்திலிருந்த இனிப்பையும் நிறத்தையும் எடுத்துக்கொண்டு திரும்புகிறது. கருக்கும்போது மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் ஆகிறது, ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரையாகிக் கருகிக் கேரமல் ஆகிறது. ஓக்கின் லாக்டோன்கள் தேங்காய் வாசனையைத் தருகின்றன. பழைய பர்பன் சிலவற்றில் தேங்காய் பர்பியின் மணம் சட்டென்று அடிக்கும். மேலே எட்டிப்பார்க்கும் கிராம்பு வாசனையில் ஒரு பங்கு யூஜெனால், உண்மையான கிராம்பில் இருக்கும் அதே பொருள். இத்தோடு துவர்ப்பைத் தரும் டானினும் வரும். ஆண்டுகள் கூடக் கூட அது ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு வாய் வறண்டு, மரத்தூளைக் கடித்த கசப்பு தங்கிவிடும். 20 ஆண்டு பர்பன்கள் பலவற்றில் எனக்கு அந்தக் கசப்புதான் முன்னே நிற்கிறது. என் நாக்குக்கு 6 முதல் 10 ஆண்டு வரைதான் சரியான இடம். 12 ஆண்டு சில சமயம் அருமையாக இருக்கும், சில சமயம் மரம் வென்றிருக்கும்.

பீப்பாய் எந்த மாடியில் கிடந்தது என்பதுகூட ஒரு கணக்கு. வைல்ட் டர்க்கி, ஹெவன் ஹில் போன்றவர்களின் கிடங்குகள் பல மாடி உயரமுள்ளவை. உச்சி மாடியில் அனல் அதிகம். அங்கே ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுகள் போகப்போக வலு குறையும். இங்கே மேல்மாடிப் பீப்பாயில் வலு கூடும். 62.5 விழுக்காட்டுக்கு மேலான சாராயத்தைப் பீப்பாயில் ஊற்றக்கூடாது என்று சட்டம் சொல்லியும், சில பாட்டில்கள் 65-ஐத் தாண்டி வருவது இதனால்தான். ஃபோர் ரோசஸ் மட்டும் ஒரே தளம் கொண்ட தாழ்வான கிடங்குகளை வைத்திருக்கிறது. பீப்பாய்களுக்கிடையே அவ்வளவு வேறுபாடு வராது.

இனி தானியம். பர்பனில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். நடைமுறையில் 70-ஐச் சுற்றி இருக்கும். கொஞ்சம் முளைகட்டிய பார்லி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க. மீதி இடத்தை நிரப்புவது ரை என்ற தானியமா கோதுமையா என்பதில்தான் சுவை பிரிகிறது. ரை மிளகுக் காரம், கிராம்பு, சில சமயம் புதினா தரும். கோதுமை தனக்கென்று பெரிதாக எதுவும் பேசாது. சோளத்தின் இனிப்பையும் மரத்தையும் முன்னே விட்டு ஒதுங்கிக்கொள்ளும். மேக்கர்ஸ் மார்க்கில் 70 விழுக்காடு சோளம், 16 கோதுமை, 14 பார்லி, ரை கிடையாது. வைல்ட் டர்க்கியில் ரை 13 விழுக்காட்டை ஒட்டி. பழைய பெயரான ஓல்டு கிராண்ட் டாடில் அது 27. ஃபோர் ரோசஸில் இரண்டு கலவைகள் உண்டு, ஒன்றில் 20, மற்றதில் 35. அவற்றோடு ஐந்து வகை ஈஸ்ட்டுகளைச் சேர்த்துப் பத்துத் தனித்தனிப் பர்பன்களைக் காய்ச்சுகிறார்கள். சிங்கிள் பேரலுக்கு 35 விழுக்காட்டு ரை கொண்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் குடிக்கும்போது முதலில் பேரிக்காய், செர்ரி என்று பழம் வரும். மிளகு பின்னால் வந்து நிற்கும். ஸ்காட்ச் குடித்தவருக்குப் பர்பன் உலகில் அந்நியமாகத் தோன்றாத முதல் பாட்டில் இதுவாக இருக்கலாம்.

ஃபோர் ரோசஸின் கதை வேடிக்கையானது. சீகிராம் நிறுவனத்திடம் இருந்தபோது, பல பத்தாண்டுகள் நல்ல பர்பனை ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பிவிட்டு, அதே பெயரில் மட்டமான கலப்பு விஸ்கியை அமெரிக்கர்களுக்கு விற்றார்கள். உள்ளூரில் பெயர் கெட்டுக் குட்டிச்சுவரானது. 2002-இல் ஜப்பானின் கிரின் நிறுவனம் வாங்கிய பிறகுதான் உண்மையான பர்பன் சொந்த நாட்டுக்குத் திரும்பியது. அப்போது அங்கே தலைமை வடிப்பாளராக இருந்த ஜிம் ரட்லெட்ஜுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

வைல்ட் டர்க்கியை ஏன் முதலில் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். ஜிம்மி ரசல் என்பவர் 1954-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய மகன் எடி, பேரன் புரூஸ் என்று மூன்று தலைமுறை அதே ஆலையில். பீப்பாயை நான்காம் நிலை வரை கருக்குகிறார்கள். உட்சுவர் முதலைத் தோல்போல வெடித்திருக்கும் என்பதால் தொழிலில் அதற்கு முதலைக் கரி என்றே பெயர். பீப்பாயில் ஊற்றும் வலுவை மற்றவர்களைவிடக் குறைவாக, 57.5 விழுக்காட்டில் வைக்கிறார்கள். தண்ணீரில் மட்டுமே கரையும் மரச் சர்க்கரைகள் இதனால் கூடுதலாக இறங்குகின்றன, முடிவில் 50.5-க்கு இறக்க அதிகத் தண்ணீரும் வேண்டியதில்லை. இலவங்கப்பட்டை, ஆரஞ்சுத் தோல், பாகு, கொஞ்சம் புகையிலை வாசனை. முதல் மிடறு சற்று முரடாகத்தான் இருக்கும். மூன்றாவது மிடறில் அந்த முரட்டுத்தனம் எங்கே போனதென்று தெரியாது. இதே விலையில் இவ்வளவு சுவையை வேறு எந்த நாட்டு விஸ்கியிலும் நான் கண்டதில்லை.

பிடித்துப்போனால் அதே குடும்பத்தில் ரசல்ஸ் ரிசர்வ் சிங்கிள் பேரல் இருக்கிறது. 55 விழுக்காடு, குளிர் வடிகட்டல் இல்லாதது. விலை உங்கள் வரம்பைக் கொஞ்சம் மீறும்.

கடையில் லேபிளைப் பார்க்கும்போது எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று ஒரு சொல். 'ஸ்ட்ரெய்ட்' என்றிருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில் இருந்தது. நான்கு ஆண்டுக்குக் குறைவென்றால் வயதை அச்சிட்டே ஆக வேண்டும். ஆகவே வயது போடாத ஸ்ட்ரெய்ட் பர்பன் நான்கையாவது தாண்டியது என்று கொள்ளலாம். எண் போட்டிருந்தால் அது உள்ளே இருப்பவற்றில் மிக இளையதன் வயது. 'ஸ்மால் பேட்ச்' என்பதற்குச் சட்டத்தில் பொருளே கிடையாது. இருபது பீப்பாயும் ஸ்மால் பேட்ச்தான், சில நூறும் ஸ்மால் பேட்ச்தான். கையால் எழுதியதுபோன்ற எழுத்து, தாத்தாவின் ரகசியக் கலவை, உள்நாட்டுப் போர்க்காலக் கதை எல்லாம் அச்சகத்தில் விளைபவை.

'பாட்டில்ட் இன் பாண்ட்' என்ற சொற்களைப் பார்த்தால் மட்டும் நின்று கவனியுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெறும் சாராயத்தில் நிறமும் பழச்சாறும் இன்னும் சொல்லக்கூடாத சரக்குகளும் கலந்து பழைய பர்பன் என்று விற்பது கொடிகட்டிப் பறந்தது. நேர்மையாகக் காய்ச்சியவர்கள், அவர்களில் முன்னின்ற கர்னல் எட்மண்ட் ஹேன்ஸ் டெய்லர், அரசிடம் முறையிட்டார்கள். 1897-இல் சட்டம் வந்தது: ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் காய்ச்சியிருக்க வேண்டும், அரசு கண்காணிப்பில் இருக்கும் கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டு இருக்க வேண்டும், சரியாக 50 விழுக்காட்டில் அடைக்க வேண்டும். அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ராவாகக் குடிப்பவருக்காகவே எழுதியதுபோல அமைந்துவிட்டது. ஈவன் வில்லியம்ஸின் வெள்ளை லேபிள் இந்த வகை. 20 டாலரை ஒட்டித்தான் இருக்கும். அந்த விலைக்கு அது அநியாய நல்ல சரக்கு.

இன்னொரு சிறு வரி, பின்பக்க லேபிளில். எங்கே 'வடித்தது' என்று தேடுங்கள். 'தயாரித்தது', 'அடைத்தது' என்பவை வேறு. புதிய பெயர்கள் பல சொந்தமாக எதையும் காய்ச்சுவதில்லை. இந்தியானா மாநிலத்தின் லாரன்ஸ்பர்கில் ஒரு பெரிய பழைய ஆலை இருக்கிறது. முன்பு சீகிராமுடையது, பிறகு எம்.ஜி.பி. என்று அறியப்பட்டது. அங்கிருந்து வாங்கித் தங்கள் பெயரை ஒட்டுகிறவர்கள் ஏராளம். அந்தச் சரக்கு மோசமில்லை, சில மிக நன்றாகவே இருக்கும். ஆனால் 35 டாலர் பொருளுக்குக் கனமான கண்ணாடி பாட்டிலும் கதையும் சேர்த்து 80 டாலர் கொடுப்பது உங்கள் விருப்பம். நேற்று முளைத்த சிறு ஆலைகள் சில, சிறு பீப்பாயில் இரண்டு ஆண்டு வைத்து அதே விலையைக் கேட்கின்றன. சிறு பீப்பாயில் மரத்தின் நிறமும் துவர்ப்பும் சீக்கிரம் இறங்கிவிடும், காலம் செய்யும் வேலை நடந்திருக்காது. அவற்றை ஆதரிக்க வேண்டுமென்று ஆசையாக இருந்தால் ஆலைக்கே போய்ச் சுவைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பேப்பி வான் விங்கிள் பற்றி. கோதுமை சேர்ந்த பர்பன், பஃபலோ டிரேஸ் ஆலையில் காய்ச்சப்படுகிறது. 15, 20, 23 ஆண்டு என்று வருகிறது. பட்டியல் விலை சில நூறு டாலர். வெளியே ஆயிரங்களில் பேரம். 2013-இல் அந்த ஆலையிலிருந்து பேப்பி பாட்டில்கள் நூற்றுக்கணக்கில் காணாமல்போய்ப் போலீஸ் வழக்கே ஆனது. 15 ஆண்டுப் பாட்டில் நல்ல பர்பன், மறுக்க மாட்டேன். ஆனால் விலையில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத பாட்டிலைவிட நூறு மடங்கு நல்லதா என்றால் சிரிப்புதான் வரும். அதே ஆலை, அதே கோதுமைக் கலவையில் வெல்லர் வகைகளையும் செய்கிறது. அந்தச் செய்தி பரவிய நாளிலிருந்து வெல்லரும் அலமாரியில் நிற்பதில்லை.

பிளான்டன்ஸ் வரலாற்றுப் பெருமை உள்ளது. ஒற்றைப் பீப்பாய் பர்பன் என்ற வகையையே 1984-இல் எல்மர் டி. லீ என்ற வடிப்பாளர் அந்தப் பெயரில்தான் சந்தைக்குக் கொண்டுவந்தார். உருண்டை பாட்டில், மூடியில் குதிரை. பெயரின் எட்டு ஆங்கில எழுத்துக்கும் எட்டு வகைக் குதிரைகள். எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. 46.5 விழுக்காடு, இனிமையானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டியல் விலையில் கண்ணில் பட்டால் எடுங்கள். இருமடங்கு கொடுத்து வாங்க அதில் ஒன்றும் இல்லை.

இங்கே வர்ஜீனியாவில் இருப்பது உங்களுக்கு ஒரு வசதி. அமெரிக்காவில் 17 மாநிலங்களில் மது வணிகம் அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வர்ஜீனியாவில் வடித்த மதுவை அரசின் ஏபிசி கடைகளே விற்கின்றன. டாஸ்மாக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அதிசயமில்லை, கடை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும். விலை மாநிலம் முழுக்க ஒன்றே, அரிய பாட்டிலுக்கும் பட்டியல் விலைதான். அவற்றுக்குக் குலுக்கல் நடத்துகிறார்கள். பெயரைப் பதிந்துவிட்டு மறந்துவிடுங்கள். விழுந்தால் வாங்குங்கள், வார இறுதியைக் கடை கடையாய் ஏறி இறங்கித் தொலைக்காதீர்கள். கென்டக்கியின் மக்கள்தொகை ஏறக்குறைய 45 லட்சம். அங்கே கிடங்குகளில் கிடக்கும் பீப்பாய்கள் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பர்பனுக்குப் பஞ்சம் ஒன்றும் வந்துவிடவில்லை.

ஊற்றும் முறைக்கு அதிகச் சடங்கு தேவையில்லை. வாய் குறுகிய சிறு கிளாஸ் இருந்தால் நல்லது. ஸ்காட்ச்சுக்கு வைத்திருக்கும் கிளென்கெய்ர்ன் போதும். 30 மில்லி ஊற்றி, பத்து நிமிடமாவது விடுங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல் விளிம்புக்கு மேலே பிடித்து, வாயைச் சற்றுத் திறந்துகொண்டு முகருங்கள். இல்லாவிட்டால் ஆல்கஹால் நெடி மட்டும்தான் ஏறும். முதல் மிடறைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது வாயைப் பழக்க. இரண்டாவதை உடனே விழுங்காமல் மென்றுபாருங்கள். ஜிம் பீம் குடும்பத்தின் புக்கர் நோ பழக்கிவிட்ட முறை இது, 'கென்டக்கி மெல்லல்' என்பார்கள். எரிச்சல் அதிகமாகத் தெரிந்தால் அறை வெப்பத் தண்ணீரில் சில துளிகள் விடுங்கள். இதனால் ராவாகக் குடிக்கும் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. 60 விழுக்காட்டு பாட்டில்களைத் தண்ணீர் படாமல் குடித்துக் காட்டுவது வீரம், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும். நீங்கள் பழகிய 40 விழுக்காட்டு ஸ்காட்ச்சில் ஒரு பெக் எவ்வளவோ, அதே அளவு 101-இல் ஆல்கஹால் கால் பங்கு கூடுதல். மறுநாள் காலை அது தெரியும். அன்றிரவு கார் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திறந்த பாட்டிலை நேராக நிறுத்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஒயினைப்போலப் படுக்கவைத்தால் கார்க் ஊறிச் சிதையும். பாதிக்கு மேல் இருக்கும்வரை அவசரம் இல்லை. அடியில் கால்வாசி மட்டும் மிஞ்சினால் சில மாதங்களில் மணம் சோரத் தொடங்கும், முடித்துவிடுங்கள்.

இனி மாமா. இந்தியாவுக்குப் போகும் வயதுவந்த பயணி இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுபோகலாம். 750 மில்லியில் இரண்டு பாட்டில் தாராளமாக அடங்கும். விமானத்தில் 70 விழுக்காட்டுக்கு மேலுள்ள மதுவை ஏற்ற முடியாது என்பதால், பீப்பாய் வலுவில் வரும் பாட்டிலாக இருந்தால் எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எளிதாகக் கிடைப்பதை அங்கே வாங்கினால் எவ்வளவு ஆகும் என்பதும் தெரிந்திருக்கட்டும்: 2025-இல் இந்திய அரசு பர்பன் மீதான இறக்குமதித் தீர்வையை 150 விழுக்காட்டிலிருந்து 100 ஆகக் குறைத்தது. குறைத்த பிறகும் பாட்டிலின் மதிப்புக்குச் சமமான தொகையைத் தீர்வையாகவே கட்ட வேண்டியிருக்கிறது.

அவர் ராவாகக் குடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் சோடாவும் ஐஸும் நிறைய விட்டு, தொட்டுக்கொள்ள மிக்சரோ வறுத்த கறியோ வைத்துக் குடிப்பவர்கள். அப்படியானால் கோதுமை பர்பன் வேண்டாம், சோடாவில் காணாமல்போய்விடும். ஓல்டு கிராண்ட் டாடின் 'பாட்டில்ட் இன் பாண்ட்' எடுத்துப்போங்கள். ரை கூடுதல், 50 விழுக்காடு, சோடாவுக்கு மேலேயும் மிளகு தெரியும், சுக்கா வறுவலோடு நன்றாகப் பொருந்தும். 30 டாலருக்குள் வாங்கிவிடலாம். பெயரில் தாத்தா இருப்பதால் அவர் கொஞ்சம் முறைப்பார். லேபிளிலும் ஒரு பெரியவர் படம் இருக்கும். மீதி இடத்துக்கு நாப் கிரீக் ஒன்று. அதை அவர் சோடாவில் ஊற்றுவதற்கு முன் ஒரு மிடறு தனியாகக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள், பாட்டில் அவருடையது.